ஆவாரம்பாளையத்தில் கடைந்த கை

"லோடு எவ்வளவுங்க சார்?" என்று கேட்டார் கடைசல்காரர். பேரிங் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், "ஊசி முனையில ஒன்றரை கிராம் தம்பி" என்றார்.

கிலோவா என்று கேட்கத் தோன்றியதாக, எழுபதைத் தாண்டிவிட்ட கடைசல்காரர் இன்று சொல்கிறார். கேட்கவில்லை. காகிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தார். கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்த படம். ஒரு தூண், அதன் மேல் கவட்டை போல ஒரு யோக், அதன் நடுவில் ஊசலாடும் ஒரு குழாய், முன்னால் சாய்வாக ஒரு தகடு, பின்னால் ஓர் உருளை. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கி நிற்கும் டோன் ஆர்ம் அது.

1990களின் நடுப்பகுதி. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில், பம்புக்கும் மில் மெஷின்களுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் எத்தனையோ பட்டறைகளில் அதுவும் ஒன்று. ஒரு பி.எஸ்.ஜி. லேத், ஒரு சின்ன மில்லிங் மெஷின், ஒரு டிரில். பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும்தான் அன்றாடச் சோறு. கேசட் வந்து இசைத்தட்டைத் தள்ளிவிட்டு, கேசட்டையே சி.டி. தள்ளத் தொடங்கியிருந்த காலம். ஊரில் பலரும் பெட்டி பெட்டியாகத் தட்டுகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பேராசிரியர் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். அவரிடம் ஒரு பழைய கேரார்டு 301 இருந்தது. 1950களில் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்யத் தொடங்கிய அந்த மெஷின் மோட்டாரும் சுழல்தட்டுமாக மட்டுமே விற்கப்பட்டது. கை தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். வெளிநாட்டுக் கை ஒன்றின் விலை, ஓய்வூதியத்தில் எட்டாத உயரத்தில் இருந்தது. ஊசி பொருந்திய காட்ரிட்ஜை மட்டும் யாரோ உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

கை என்றால் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு குச்சிதானே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இசைத்தட்டின் மூலப் பிரதியை வெட்டும் ஊசி, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டில் அதே தட்டைப் படிக்கும் ஊசியோ, ஒரு மூலையில் நிலைகொண்ட கையின் நுனியில் இருப்பதால் வில்லாக வளைந்துதான் நகரும். வெட்டிய கோணமும் படிக்கும் கோணமும் ஒத்துப்போகாத இடத்தில் ஒலி கரகரக்கும். இதைக் கணக்குப் போட்டுக் குறைக்க முடியும் என்று 1924லேயே பெர்சி வில்சன் 'தி கிராமபோன்' இதழில் எழுதினார். சுவீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரென் 1938இல் அந்தக் கணக்கை முழுமையாக்கினார். ஊசி, தட்டின் மையத்தைத் தாண்டிச் சற்று முன்னே நிற்க வேண்டும். தலைத்தகடு உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் தட்டின் குறுக்கே இரண்டு இடங்களில் பிழை சுழியாகிவிடும், மற்ற இடங்களில் ஓரிரு டிகிரிக்குள் அடங்கும்.

பேராசிரியரின் தாளில் அந்த எண்கள்தான் இருந்தன. கை திரும்பும் அச்சான பிவட்டிலிருந்து ஊசி 230 மில்லிமீட்டர். பிவட்டிலிருந்து சுழல்தட்டின் மையம் 212. ஊசி மையத்தைத் தாண்டி நிற்பது 18. தலைத்தகட்டின் சாய்வு 24 டிகிரி. பிழை சுழியாகும் இடங்கள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும். எண்களைப் பார்த்ததும் கடைசல்காரருக்கு நிம்மதி. 230ம் 212ம் வெர்னியரில் பிடிக்கிற அளவு. தகட்டைச் சாய்ப்பது மில்லிங்கில் அரை நாள் வேலை. தாளின் கீழே பேராசிரியர் சிவப்பு மையில் கோடிட்டிருந்த வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது.

பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் கஷ்டம் புரியும். பேரிங்கில் ஆட்டம் வேண்டாம் என்றால் இறுக்கிப் போட வேண்டும். லேசாகச் சுழல வேண்டும் என்றால் கொஞ்சம் இடம் விட வேண்டும். பம்பில் இரண்டுக்கும் நடுவே எங்காவது நிற்கலாம், மோட்டாரின் பலம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கைக்கு மோட்டார் கிடையாது. தட்டின் பள்ளம்தான் ஊசியைத் தள்ளித் தள்ளிக் கையை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பேரிங் பிடித்தால் அந்தப் பாரம் முழுக்கப் பள்ளத்தின் சுவரில் விழும். பேரிங் ஆடினாலோ இன்னும் மோசம். மெல்லிய ஒலிகளைத் தாங்கிய பள்ளத்தின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கையின் மறுமுனை ஐந்து மைக்ரான் ஆடிக்கொண்டிருந்தால் ஊசி எதைப் படிப்பது? நல்ல கைகளில் பேரிங்கின் உராய்வு, ஊசி முனையில் அளந்தால் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு.

கடைசல் பட்டறைக்கும் டோன் ஆர்முக்கும் உறவு புதிதல்ல. கடைசல்காரருக்குத் தைரியம் கொடுக்கவோ என்னவோ, பேராசிரியர் அந்தக் கதையைச் சொன்னார். இங்கிலாந்தின் ஸ்டெய்னிங்கில் அலஸ்டேர் ராபர்ட்சன்-ஐக்மேன் என்பவர் 1946இல் ஆரம்பித்த நிறுவனம், மாதிரி எஞ்சின் செய்கிறவர்களுக்கான பாகங்களைக் கடைந்து கொடுத்துவந்தது. 1959இல் தம் வீட்டு உபயோகத்துக்காக அவர் ஒரு கை செய்துகொண்டார். கேட்ட நண்பர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் அந்த நிறுவனத்தின் எஸ்.எம்.இ. 3009, 3012 என்று உலகம் முழுக்க ஒலிப்பதிவுக்காரர்கள் மதிக்கும் கைகள் பிறந்தன. செங்குத்து அசைவுக்கு அவர் வைத்தது குண்டு பேரிங் அல்ல, தராசில் இருப்பதுபோன்ற கத்திமுனை. "அவரும் ஆர்டர் பிடிச்சு லேத்து ஓட்டின ஆளுதானுங்களா?" என்று கடைசல்காரர் கேட்டாராம். ஆமாம் என்றதும் வேலையை ஒப்புக்கொண்டார். கூலி பற்றி அன்று பேச்சே வரவில்லை.

பேரிங் தேடும் படலம் தனிக் கதை. அவ்வளவு சின்ன பேரிங் அன்று கடைவீதியில் கிடைக்காது. பல் மருத்துவர்களின் கருவியைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் அது இருந்தது. பல்லைக் குடையும் டர்பைன் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் ஓடுவது. அதற்குள் இருக்கும் பேரிங்கின் வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர், உள்விட்டம் 3.175, அதாவது கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். உள்ளங்கையில் நான்கைக் கொட்டினால் கம்மல் திருகுபோல இருக்கும்.

அதை உட்கார வைக்கும் துளையில்தான் கடைசல்காரரின் முழுத் திறமையும் செலவானது. பம்ப் ஷாஃப்டில் பேரிங்கை அடித்து ஏற்றுவார்கள். இங்கே துளை மூன்று நான்கு மைக்ரான் சிறியதாக இருந்தாலே வெளிவளையம் நசுங்கி, குண்டுகள் சிக்கிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும், அசைத்தால் அசையக் கூடாது. லேத்தின் டயலில் ஒரு கோடு என்பது 0.02 மில்லிமீட்டர். அந்தக் கோட்டை நம்பி இந்த வேலை செய்ய முடியாது.

அவர் ஒரு பழைய டூல்ரூம் வித்தையை எடுத்தார். மேல் ஸ்லைடை அச்சுக்கு ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, 5¾ டிகிரியில் திருப்பி வைத்தார். இப்போது அந்த ஸ்லைடை ஒரு கோடு நகர்த்தினால் டூல் குறுக்கே நகர்வது அதில் பத்தில் ஒரு பங்குதான், 2 மைக்ரான். தேய்ந்த லேத்தும் அப்போது மைக்ரான் பேசும். பிறகு அளவு பார்க்க ஒரு பிளக் கேஜ். அதையும் அவரே சில்வர் ஸ்டீல் கம்பியில் படிப்படியாகக் கடைந்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, மைக்ரோமீட்டரில் அளந்து வைத்துக்கொண்டார். முதல் படி 6.345, அடுத்தது 6.350, மூன்றாவது 6.355. முதல் படி தாராளமாகப் போக வேண்டும். இரண்டாவது முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது வாசலிலேயே நிற்க வேண்டும். கடைசி வெட்டு முடிந்ததும் டூலை அதே இடத்தில் வைத்து மறுபடி மறுபடி ஓட விடுவார். சீவல் வராது, பொடிபோல ஏதோ ஒளிரும். டூல் வளைந்து விட்டுவைத்த மிச்சத்தை அந்த ஓட்டம் எடுத்துவிடும்.

குழாயைத் தாங்கி யோக்கின் நடுவே நிற்கும் நடுக்கட்டையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பேரிங். இரண்டு துளையும் ஒரே அச்சில் இருந்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் போட்டுக் கழற்றி, திருப்பிப் பிடித்து மறுபக்கம் போட்டால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அச்சு விலகும். கட்டையை டாக் சக்கில் பிடித்து, பப்பி டயல் வைத்து முள் அசையாத வரை மையம் பார்த்து, முன்துளையைப் போட்ட கையோடு உள்ளே புகுந்து பின்துளையையும் போட்டார். ஒரே செட்டிங். கட்டையை சக்கிலிருந்து எடுக்கும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பட்டறைப் பையனை நிறுத்தியிருந்தார்.

யோக்கின் இரு கரங்களிலிருந்தும் உள்நோக்கி வரும் இரண்டு திருகாணிகளின் கூர்முனைகள் அந்த பேரிங்குகளின் உள்வளையத்தில் அமர்கின்றன. கை மேலும் கீழும் அசைவது அந்த முனைகளில்தான். சில்வர் ஸ்டீலில் 60 டிகிரிக் கூம்பாகக் கடைந்து, செர்ரிப் பழச் சிவப்புக்குக் காய்ச்சி, தண்ணீரில் போட்டுக் கடினமாக்கி, வைக்கோல் நிறம் ஏறும் வரை பித்தளைத் தகட்டில் மெல்லச் சூடேற்றி, கடைசியில் வைரப் பசை தடவிய மரக்குச்சியால் மெருகேற்றினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூம்பில் ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது.

திருகாணியின் மரை அரை மில்லிமீட்டர் பிட்ச். ஒரு முழுச் சுற்றுக்கு 500 மைக்ரான் நகரும். ஐந்து டிகிரி திருப்பினால் 7 மைக்ரான். ஆட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவுதான். சரியான இடத்தைக் கை உணர்ந்து நிறுத்திவிட்டு லாக் நட்டை முடுக்கினால், நட்டு திருகாணியை வெளியே இழுத்து, மரையிலுள்ள நூலிழை இடைவெளியைத் தின்றுவிடும். பிடித்து வைத்த இடம் போய்விடும். எல்லாரும் செய்வதுபோல் அந்த இழுப்புக்கு முன்கூட்டியே ஈடு கொடுத்து முடுக்கலாம், ஆனால் அது குருட்டாம்போக்கு. நட்டையே வேண்டாம் என்று முடிவு செய்தார் அவர். யோக்கின் கரத்தை மரை வரை அரை மில்லிமீட்டர் ரம்பத்தால் பிளந்து, பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டார். அதை முடுக்கினால் பிளவு நெருங்கி, திருகாணியைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும்; முன்னும் பின்னும் நகர்த்தாது. படத்தில் இல்லாத அந்தப் பிளவைப் பார்த்துப் பேராசிரியர் தம் தாளில் அதை வரைந்து சேர்த்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு மர்மம் இருந்தது. காலையில் அருமையாக இருந்த கை மதியம் மூன்று மணிக்கு ஆடும்; இரவில் மறுபடி சரியாகிவிடும். கணக்குப் போட்டவர் பேராசிரியர். யோக் அலுமினியம், நடுக்கட்டை எஃகு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 23 மைக்ரான் விரியும். எஃகு அதில் பாதிதான் விரியும். யோக்கின் அகலம் 40 மில்லிமீட்டர். வெயில் ஏறி வெப்பம் 10 டிகிரி கூடினால் கரங்கள் இரண்டும் கட்டையைவிட ஏறத்தாழ நாலரை மைக்ரான் அதிகமாக விலகும். கூம்பு முனைகள் பேரிங்கை விட்டு எழும்பிவிடும். தகரக் கூரைப் பட்டறையில் 10 டிகிரி என்பது சாதாரணம். ஸ்டெய்னிங்கில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரிந்திருக்காது. கோயம்புத்தூர் சித்திரை வெயிலுக்கு யோக்கும் எஃகாகத்தான் இருக்க வேண்டும் என்று புது யோக் கடைந்தார்கள். அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் எடை கையின் அசைவுக்குப் பெரிய சுமை இல்லை. காட்ரிட்ஜின் காந்தத்துக்கும் அது எட்டாத தூரம்.

எடையைப் பற்றிய பேச்சுத்தான் இருவருக்கும் பிடித்த பேச்சு. அசையும் பொருளில் ஒரு கிராம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கனக்கும். தலைத்தகட்டில் கூடும் ஒரு கிராம் முழுக் கிராம். அதே கிராம் கையின் பாதித் தூரத்தில் இருந்தால் கால் கிராம்தான். பின்னால் வைக்கும் எதிர் எடைக்கும் இதே நியாயம். 50 கிராம் எடையைப் பிவட்டிலிருந்து 80 மில்லிமீட்டரில் வைத்தாலும், 100 கிராமை 40 மில்லிமீட்டரில் வைத்தாலும் தராசு சமநிலைதான். ஆனால் முதலாவது ஊசிக்கு 6 கிராம் பாரமாகத் தெரியும், இரண்டாவது 3 கிராமாகத்தான் தெரியும். அதனால் கனமான பித்தளை உருளையைப் பிவட்டை ஒட்டி வைப்பதே நல்லது. 30 மில்லிமீட்டர் விட்டத்துப் பித்தளையில் கடைசல்காரர் துளையை நடுவில் போடாமல் மேலே தள்ளிப் போட்டார். டாக் சக்கின் நான்கு தாடைகளைத் தனித்தனியே நகர்த்தி, வேண்டுமென்றே மையம் விலக்கிப் பிடித்துப் போட்ட துளை. எடையின் பெரும்பகுதி கீழே தொங்கும். கையின் கனமையம் தட்டின் மட்டத்துக்கு அருகே இறங்கும்.

குழாயைக் கையில் எடுத்தவர் யாரும் அதைக் கடைந்தது என்று நம்ப மாட்டார்கள். 10 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயின் சுவரைத் தலைப்பக்கம் மெலிந்துகொண்டே போகும்படி இறக்க வேண்டும். வெறும் குழாயை டூல் தொட்டாலே அது அதிர்ந்து ஊளையிடும். உள்ளே அச்சாக ஒரு எஃகுத் தண்டைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி இறக்கினார். முடிந்ததும் நகத்தால் சுண்டினால் மணிபோல் ஒலித்தது. அந்த ஒலி இசையோடு கலக்கும் என்பதால் உள்ளே பால்சா மரத்தை மெல்லிய குச்சியாகச் சீவி நுழைத்தார் பேராசிரியர். பிறகு சுண்டினால் 'டொக்' என்று நின்றது.

மொத்த எடை ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊர்த் தட்டுகளே சாட்சி. வெயிலில் வைத்து நெளிந்துபோன தட்டு ஒவ்வொரு சுற்றிலும் கையை மெல்லத் தூக்கி இறக்கும். காட்ரிட்ஜின் ஊசி ஒரு ஸ்பிரிங். கையின் எடை அதில் தொங்கும் பாரம். இரண்டும் சேர்ந்து தமக்கென ஓர் ஊசலாட்ட வேகம் வைத்திருக்கும். அது தட்டின் நெளிவுக்கு மேலேயும் இசையின் அடிமட்ட ஒலிக்குக் கீழேயும், 8இலிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கையும் காட்ரிட்ஜுமாகச் சேர்ந்து 18 கிராம் வந்தது. அந்தக் காட்ரிட்ஜின் நெகிழ்வு எண் 15. கணக்கு 10 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நின்றது. பேராசிரியர் தாளைத் தட்டிக் காட்டினாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம்.

கடைசியாக நான்கு கம்பிகள். வலது பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும், இடது பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும். இவ்வளவு பாடுபட்டுச் சுழல வைத்த கையை ஒரு கம்பி கெடுத்துவிடும் என்பது கடைசல்காரர் எதிர்பாராதது. சாதாரண உறையிட்ட கம்பி முறுக்கேறி, ஸ்பிரிங்போலக் கையைத் திருப்பி இழுத்தது. தலைமுடிபோன்ற மெல்லிய இழைகளாகத் தேடிப் பிடித்து, தூணின் அச்சு நடுவே ஒரு துளையிட்டு அதன் வழியே கீழே இறக்கியதும் இழுப்பு அடங்கியது. கை எவ்வளவு திரும்பினாலும் அச்சில் இருக்கும் கம்பி முறுக மட்டுமே செய்யும், வளையாது.

சோதனைக்குப் பேராசிரியர் கொண்டுவந்தது ஜெராக்ஸ் தாளும் கத்தரிக்கோலும். ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள தாள். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டர் 8 மில்லிகிராம். எதிர் எடையைச் சரிசெய்து கை காற்றில் மட்டமாக மிதக்கும்போது, இரண்டரை சதுர சென்டிமீட்டர்த் துண்டை, அதாவது 20 மில்லிகிராமை, தலைத்தகட்டின் மேல் வைத்தார். கை தலை வணங்கியது. துண்டைப் பாதியாக வெட்டி வைத்தார். அப்போதும் வணங்கியது. ஃபேனை நிறுத்திவிட்டு, பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு சதுர சென்டிமீட்டரை வைத்தார்கள். மெதுவாக, ஆனால் சந்தேகமில்லாமல், கை இறங்கியது. பம்ப் ஷாஃப்ட் கடைகிற லேத்தில் செய்த பேரிங் வேலை 8 மில்லிகிராமுக்கு இணங்கியது. இதைச் சொல்லும்போது கடைசல்காரரின் குரல் இன்றும் உயர்கிறது; உயர வேண்டிய விஷயம்தான்.

ஊசியின் அழுத்தம் ஒன்றரை கிராமா என்பதை ஒரு நகைக்கடைத் தராசில் பார்த்துக்கொண்டார்கள். கை சாய்வாக இருப்பதால் ஊசி தட்டை உரசும்போது கையை உள்பக்கம் இழுக்கும் ஒரு விசை எழும். அது ஊசி அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதைச் சமன் செய்ய ஒரு நைலான் நூலும் கடுகளவுப் பித்தளை எடையும் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பேராசிரியர் வீட்டில் முதலில் வைத்தது கல்கத்தா டம்டம்மில் அச்சான ஒரு எச்.எம்.வி. எல்.பி. அவர் நேராகத் தட்டின் உள்கோடிக்குப் போனார். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்கோடியில் 21தான். அதே இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். கையின் குறையெல்லாம் அங்கேதான் வெளிப்படும், குறிப்பாகப் பாடுகிறவர் 'ச'கரம் உச்சரிக்கும்போது. பழைய பிளேயரில் கேட்ட அந்தச் 'ச' சீறும். இந்தக் கையில் அது வாயிலிருந்து வரும் 'ச'வாக இருந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி அதற்குரிய கனத்தோடு விழுந்து, உடனே நின்றது. "தம்பி, இத ஒருக்கா கேளுங்க" என்று பேராசிரியர் அதே பல்லவியைத் திரும்ப வைத்தார். கடைசல்காரருக்குச் சங்கீதம் தெரியாது. மிருதங்கத்தின் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கேட்ட அந்த வெறுமை அவருக்குப் புரிந்தது. ஆட்டமில்லாத பேரிங்கை அவர் காதால் கேட்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு பேராசிரியரின் நண்பர்கள் சிலர் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவருக்கு 12 அங்குலக் கை வேண்டும் என்றார். கை நீண்டால் வில் தட்டையாகும், கோணப் பிழை குறையும். 305 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தலைத்தகட்டின் சாய்வு 18 டிகிரியாக இறங்கிவிடும். ஆனால் குழாய் நீளும், எதிர் எடை கூடும், ஊசி சுமக்கும் பாரமும் ஏறும். குழாயை இன்னும் மெலிதாக இறக்க முடியுமா என்று பேராசிரியர் கேட்டார். எஃகுத் தண்டின் மேல் அரை மில்லிமீட்டர் சுவர் வரை போகலாம், அதற்கு மேல் டூல் குழாயைக் கிழித்துவிடும் என்று கடைசல்காரர் சொன்னார். யோக்கை எஃகிலேயே போட்டுக்கொள்ளலாம், கரங்களைப் பிளந்தே வைக்கலாம் என்று படத்தை வாங்கி, பென்சிலால் இரண்டு இடங்களில் அவரே திருத்தினார். அந்த வார பம்ப் ஆர்டரை முடித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் குழாயை வெட்டினார்கள்.